கிக்குக்குப் போவது எப்படி: கராஜும் பங்கும் புதிதாகக் கேட்பவருக்கு

"ராத்திரி கிக்குக்குப் போறேன்மா" என்று முதல் தடவை சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டியபோது அம்மா நிமிர்ந்து பார்த்தார். "குடிக்கப் போறதை இப்படித் தைரியமா சொல்லிட்டுப் போற காலம் வந்துடுச்சா?" அவர் மேல் தப்பில்லை. தமிழில் கிக் என்றால் போதைதான். ஆனால் மலேசியாவில் மலாய், சீன, தமிழ் என்று எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், சின்ன இடத்தில் நடக்கும் ராக் நிகழ்ச்சிக்குக் 'கிக்' என்றுதான் பெயர். கச்சேரி என்று சொன்னால் ஜமுக்காளமும் தம்புராவும் கண்ணுக்குள் வரும். கான்செர்ட் என்றால் புக்கிட் ஜாலில் அரங்கமும் முந்நூறு வெள்ளி டிக்கெட்டும். கிக் என்பது மாடிப்படி ஏறிப் போனால் ஒரு அறை, நாற்பது ஐம்பது பேர், சுவரில் ஒட்டிய பழைய போஸ்டர், மூச்சுத் திணறும் ஒரு ஏர்கான்.

அன்றைக்குப் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் வந்தேன். நுழைந்ததும் பின்சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எங்கே போனாலும் மரியாதையாகக் கேட்க வேண்டும் என்று வளர்ந்த பிள்ளை. முதல் பேண்ட் ஆரம்பித்தது. ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை. பாடகர் என்ன கத்துகிறார் என்று புரியவில்லை. இருபது நிமிடத்தில் அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். "இவ்வளவுதானா?" என்று நினைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த மலாய்ப் பையன் என் கட்டிய கையைப் பார்த்துச் சிரித்தான். "டெப்பான் லா, பாங்." முன்னாடி வாங்க அண்ணே என்று அர்த்தம். இரண்டாவது பேண்டுக்கு நாலு அடி முன்னால் போனேன். அதே அறை, அதே ஸ்பீக்கர், ஆனால் வேறு நிகழ்ச்சி.

அந்த நாலு அடியில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். வாசிக்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவிலுள்ள தூரத்தை எப்படியாவது குறைப்பதுதான் கராஜ், பங்க் என்ற இரண்டு ராக் இசை வகைகளின் அடிப்படை. கார்டு, அதாவது கிட்டாரில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, ஏன் மூன்றோடு நிற்கிறது, பாட்டு ஏன் இரண்டு நிமிடத்தில் முடிகிறது, மேடை ஏன் முழங்கால் உயரத்துக்கு மேல் போவதில்லை என்று எதைக் கேட்டாலும் பதில் அங்கே போய்த்தான் நிற்கும்.

முதலில் பெயர்கள். கராஜ் என்றால் கார் நிறுத்தும் கொட்டகை. 1960களில் அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பையன்கள் வீட்டுக் கொட்டகையில் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு பழகிய இசைக்குப் பின்னாளில் வந்த பெயர் அது. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது 7 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அதற்கப்புறம் தெருவுக்கு ஒரு பேண்ட். வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரத்தில் சோனிக்ஸ் என்று ஒரு குழு. அந்தக் காலத்துப் பதிவை இன்றைக்குக் கேட்டாலும் பாடகரின் அலறல் காதைக் கிள்ளும். இப்படிப்பட்ட குழுக்களில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு இசைத்தட்டோடு காணாமல் போயின. 1972இல் லென்னி கே என்ற இசை எழுத்தாளர் அவற்றின் பாடல்களைத் தேடிப் பிடித்து இரட்டை இசைத்தட்டாகத் தொகுத்தார். 'பங்க் ராக்' என்ற சொல் அப்போது இந்தக் கொட்டகைப் பையன்களைத்தான் குறித்தது. அதாவது பங்க் என்ற பிள்ளை பிறப்பதற்கு முன்பே அதன் பெயரை அப்பாவுக்கு வைத்திருந்தார்கள்.

பிள்ளை பிறந்தது 1970களின் நடுவில், நியூயார்க்கிலும் லண்டனிலும். நியூயார்க்கின் ரமோன்ஸ் 1976இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் 14 பாட்டு. எல்லாம் சேர்த்தாலும் அரை மணி நேரம் ஆகாது. இவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆல்பத்தைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்த கணக்கு வேறு: 1974 முதல் 1996 வரை 2,263 நிகழ்ச்சிகள். பெரிய வெற்றி என்று சொல்லும்படி எந்தப் பாட்டும் அமையாத ஒரு குழு, 22 வருஷம் ஊர் ஊராகப் போய் நின்றது.

நம் பக்கத்திலும் கதை ஒன்றும் சளைத்ததில்லை. பீட்டில்ஸின் 'யே யே'யை வைத்தே பெயரிட்ட பாப் யே யே, 1960களில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கொடிகட்டிப் பறந்தது. அந்தக் கிட்டார் குழுக்களைக் குகிரான் என்பார்கள். கும்புலான் கித்தார் ராஞ்சாக் என்பதன் சுருக்கம், துள்ளல் கிட்டார் குழு என்று அர்த்தம். அமெரிக்கப் பையன்கள் கொட்டகையில் செய்ததை இங்கே கம்பத்து, அதாவது கிராமத்து, பையன்கள் செய்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். பங்க் என்று தெரிந்தே வாசித்த தலைமுறை பிறகு வந்தது. கோலாலம்பூரின் கார்புரேட்டர் டங் 1991இல் தொடங்கியது. நடுவயது தாண்டியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அந்தப் பெயர் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும்.

சரி, இரைச்சலுக்கு வருவோம். புதிதாக வருகிறவர் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது.

கோவில் திருவிழாவில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பழைய பக்திப் பாட்டு போட்டு, வால்யூமை முழுக்கத் திருகினால் குரல் கரகரவென்று பிய்ந்து வருமே, அதுதான் டிஸ்டார்ஷன். தாங்கும் அளவுக்கு மேல் ஒலியை ஏற்றும்போது ஆம்ப்ளிஃபையரால் அலையின் உச்சியைத் தொட முடியாது; உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்படி வெட்டுப்பட்ட அலையில், மூலத்தில் இல்லாத மேல்சுரங்கள் புதிதாக முளைக்கும். ஒரு கிட்டார் மூன்று கிட்டார் போலத் தடித்துக் கேட்பது அதனால்தான். கோவில் கமிட்டி இதைக் கோளாறு என்று திட்டும். கிட்டார்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். 1964இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவீஸ், இந்தக் கரகரப்புக்காகத் தன் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சவரப் பிளேடால் கிழித்தார்.

இப்போது கார்டு. பங்க் கிட்டாரில் அதிகம் புழங்குவது 'பவர் கார்டு'. நமக்கு இதைப் புரியவைக்க ஒரு வரி போதும்: அது ச, ப, மேல் ச. தம்புராவில் கேட்கும் அதே சட்ஜமும் பஞ்சமமும். ஒரு கார்டு சந்தோஷமாகக் கேட்கிறதா சோகமாகக் கேட்கிறதா என்று முடிவு செய்வது காந்தாரம். அந்தக் காந்தாரம் இதில் கிடையாது. ஏன் என்றால், டிஸ்டார்ஷன் நிறைய ஏற்றிய கிட்டாரில் காந்தாரத்தையும் சேர்த்தால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கூழாகிவிடும். சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் அந்தக் கரகரப்பிலும் தெளிவாக நிற்கும். இன்னொரு வசதி, விரல் வைக்கும் வடிவம் ஒன்றுதான். அதை அப்படியே மேலும் கீழும் நகர்த்தினால் அடுத்த கார்டு. ஒரு வாரம் பழகினால் பாட்டு வாசிக்கலாம். 1977 தொடக்கத்தில் இங்கிலாந்தில் வந்த ஒரு கையெழுத்துப் பத்திரிகை மூன்று கார்டுகளைப் படம் போட்டுக் காட்டி, போய் ஒரு பேண்ட் ஆரம்பி என்று எழுதியது. பதினைந்து வருஷ குருகுலம் கேட்கும் இசை நம்மிடம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன், என் அத்தை வீணை வாசிப்பவர். ஆனால் நீயும் நாளைக்கு இங்கே நின்று வாசிக்கலாம் என்று கேட்கிறவரைப் பார்த்துச் சொல்லும் இசைக்கு மூன்று கார்டு போதும், அதற்கு மேல் போனால்தான் சந்தேகம்.

வரிகள் புரியவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். ஓரிகன் மாநிலத்தின் கிங்ஸ்மென் 1963இல் பதிவு செய்த ஒரு பாட்டில் ஆபாசம் இருக்கிறது என்று புகார் போய், எஃப்.பி.ஐ. விசாரித்தது. தட்டை வேகமாக ஓட்டியும் மெதுவாக ஓட்டியும் கேட்டுவிட்டு, எந்த வேகத்திலும் ஒன்றும் விளங்கவில்லை என்று கோப்பை மூடினார்கள். அமெரிக்க அரசாங்கத்தாலேயே முடியாதது உங்களால் முடியாமல் போனால் பரவாயில்லை. பல்லவி மட்டும் பிடிபடும். அது நீங்கள் சேர்ந்து கத்துவதற்காகவே எழுதியது.

கிக் எப்படி நடக்கும் என்றால், போஸ்டரில் எட்டு மணி என்று இருந்தால் ஒன்பதுக்கு நடக்கும். வாசலில் ஒரு மேசை, ஒரு தகர டப்பா. இருபது வெள்ளி, முப்பது வெள்ளி கொடுத்தால் மணிக்கட்டில் முத்திரை குத்துவார்கள். நாலைந்து பேண்டுகள், ஆளுக்கு அரை மணி நேரம். டிரம்ஸ் பெரும்பாலும் ஒன்றே. எல்லாரும் அதிலேயே வாசிப்பார்கள், சிம்பலும் குச்சியும் மட்டும் அவரவருடையது. திரைக்குப் பின்னால் என்று ஒரு இடமே கிடையாது. இப்போது மேடையில் கத்துகிறவர்தான் பத்து நிமிடத்துக்கு முன் உங்களிடம் டி-ஷர்ட் விற்றவர். ஒரு தடவை பாதிப் பாட்டில் கிட்டாரின் தந்தி அறுந்தது. அடுத்து வாசிக்க வேண்டிய பேண்டின் பெண் தன் கிட்டாரைக் கழற்றிக் கொடுத்தார். அந்த இடைவெளியில் டிரம்மர் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார், நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம். அந்த இரண்டு நிமிடம்தான் அன்றைக்குச் சிறந்த பகுதி என்று பலரும் சொன்னார்கள். நானும்தான்.

பினாங்கில் இந்த இசையைத் தேடுகிறவர் காதில் சீக்கிரமே விழும் பெயர், பெங்காலான் வெல்ட்டில் அமைந்த சவுண்ட்மேக்கர் என்ற இசைக்கூடம். கடலோரம், சீனர் குலங்களின் மரத்துறை வீடுகள் இருக்கும் அதே சாலை.

இனி பிட். மேடைக்கு முன்னால் ஒரு வட்டம் தானாக விலகும். அதற்குள் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு ஆடுவார்கள். மோஷ் பிட் என்று முழுப்பெயர். வெளியிலிருந்து பார்த்தால் சண்டை. கார்னெல் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் ஹெவி மெட்டல் நிகழ்ச்சிகளின் காணொளிகளை வைத்து இதை ஆராய்ந்து 2013இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். பிட்டில் மோதுகிறவர்களின் வேகங்கள் வாயு மூலக்கூறுகளின் வேகங்களைப் போலப் பரவியிருந்தனவாம். எல்லாரும் சேர்ந்து வட்டமாக ஓடும் சர்க்கிள் பிட்டை ஒரு சுழல் என்றார்கள். அந்த ஓட்டம் பெரும்பாலும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் இருந்தது என்பதும் அதில் இருக்கிறது. அத்தையிடம் சொன்னேன். "அப்பிரதட்சிணமா சுத்துறீங்க, அதான் உருப்படல" என்றார்.

வாயுவுக்குச் சட்டம் கிடையாது, பிட்டுக்கு உண்டு. யாராவது விழுந்தால் பக்கத்திலிருப்பவர்கள் அப்படியே நின்று, அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். தொலைந்த கண்ணாடியோ போனோ கிடைத்தால் தலைக்கு மேல் உயர்த்திக் காட்ட வேண்டும். ஆட விரும்பாதவரை இழுக்கக் கூடாது. முழங்கையை உயர்த்தி வீசுகிறவனை இரண்டு பேர் தோளில் கைபோட்டு மெல்ல ஓரம் கட்டுவார்கள்; அதைப் பார்த்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். நான் செருப்போடு போய்ச் சேர்ந்த அந்த முதல் நாளில் வலது செருப்பு பறந்தது. மூன்று கை மாறி, பாட்டு முடிவதற்குள் மேடை விளிம்பில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. பெருவிரல் நகம் மட்டும் திரும்பி வரவில்லை. ஷூ போட்டுப் போங்கள்.

தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் உறுமி மேளம் உச்சத்துக்குப் போகும்போது சுற்றி நிற்கிற பையன்கள் ஆடுவார்களே, பிட்டைப் பார்த்த முதல் நொடி எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அங்கே வேண்டுதல் இருக்கிறது, விரதம் இருக்கிறது. இங்கே அதெல்லாம் கிடையாது. ஆனால் மேளக்காரர் அடிப்பதை ஆடுகிறவன் உடம்பு வாங்கிக்கொள்வதும், ஆடுகிறவனைப் பார்த்து மேளக்காரர் வேகம் கூட்டுவதும் இரண்டிலும் நடக்கிறது. கிக்கில் டிரம்மரின் கண்ணைக் கவனியுங்கள். பிட்டைப் பார்த்துக்கொண்டேதான் வாசிப்பார். பின்சுவரில் கைகட்டி நின்ற என்னை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும்?

மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவிலிருந்த எல்லைக்கோட்டை முதலில் அழித்தவர்களில் ஒருவர் ஸ்டூஜஸ் குழுவின் இகி பாப். 1970 ஜூனில் சின்சினாட்டியில் மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தின் கைகள் மேலேயே எழுந்து நின்றார். அங்கிருந்து பீனட் பட்டரை அள்ளி வீசினார். தொலைக்காட்சி வர்ணனையாளர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் இன்னொரு கேள்வி கேட்டார்கள்: முன்வரிசை யாருடையது? 1990களின் தொடக்கத்தில் பிகினி கில் குழுவின் பாடகி கேத்லீன் ஹன்னா, பெண்கள் முன்னால் வரட்டும், ஆண்கள் பின்னால் போகட்டும் என்று மேடையிலிருந்தே சொல்லுவார். இங்கேயும் அது தேவைப்படும் இரவுகள் இருக்கின்றன. என் தங்கை ஒருமுறை வந்தாள். இடித்துத் தள்ளிய ஒருவனை அவளே பார்த்துக்கொண்டாள், எங்கள் உதவி தேவைப்படவில்லை. ஆனாலும் அவள் அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டி வந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

காதைப் பற்றிச் சுருக்கமாக. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது வேலையிடங்களுக்கு அமெரிக்க நிபுணர்கள் வைத்திருக்கும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். சின்ன அறையில் டிரம்ஸும் இரண்டு ஆம்ப்பும் அதைச் சுலபமாகத் தொட்டுவிடும். பார்மசியில் நாலைந்து வெள்ளிக்கு நுரை அடைப்பான் கிடைக்கிறது. உருட்டி, காது மடலைப் பின்னால் இழுத்து உள்ளே விட்டு, விரியும்வரை பிடித்திருங்கள். மாட்டிக்கொண்டால் பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்கும் என்பது யாரும் நம்பாத உண்மை. நான் முப்பது வயதுவரை மாட்டவில்லை. இப்போது இரவில் ஃபேனை நிறுத்தினால் இடது காதில் சிள்வண்டு.

இதில் பணம் எங்கே என்று கேட்பார்கள். பெரிதாக இல்லை. தகர டப்பாவில் சேர்வது இட வாடகைக்கும், வெளியூரிலிருந்து வந்த பேண்டின் பெட்ரோலுக்கும் போய்விடும். மிச்சத்தை டி-ஷர்ட்டும் கேசட்டும் ஈடுகட்டும். அதனால்தான் நண்பன் பேண்டாக இருந்தாலும் ஓசியில் நுழைவது மரியாதைக்குறைவு. இடம் பிடிப்பதுதான் எப்போதும் பெரும்பாடு. சத்தம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்வார், வாடகை ஏறும், சில சமயம் போலீஸே வரும். 2005 டிசம்பர் 31 இரவு, கோலாலம்பூர் ஜாலான் கிள்ளான் லாமாவில் இருந்த பால்ஸ் பிளேஸில் புத்தாண்டு கிக் நடந்துகொண்டிருந்தபோது, சாத்தான் வழிபாட்டோடு சேர்த்துப் பேசப்பட்ட பிளாக் மெட்டல் இசை என்ற சந்தேகத்தில் போலீஸ் நுழைந்து சில நூறு இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போனது. 2015 ஆகஸ்ட் 28 இரவு அம்பாங்கில், பங்க் பிள்ளைகளே நடத்திவந்த ரூமா ஆப்பியில் 160 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். மறுநாள் நகரத்தில், நேர்மையான தேர்தல் கேட்ட பெர்சே 4 பேரணி. ரூமா ஆப்பி என்றால் நெருப்பு வீடு. போலீஸுக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்திருக்கும்.

கடைசியாக, தமிழர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது: "அங்க நம்ம ஆளு இருக்காங்களா?" இருக்கிறோம். ஒரு கிக்கில் இரண்டு மூன்று பேர், சில இரவு நான் மட்டும். பாட்டு பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும். மெட்டல் பக்கம் போனால், 1992இல் தொடங்கிய சிங்கப்பூரின் ருத்ரா குழு வேதாந்தத்தையும் சமஸ்கிருதத்தையும் எடுத்துக்கொண்டு உலகம் சுற்றிவிட்டது. பங்கில் என் சொந்தப் பங்கு ஒரே ஒரு சொல்.

ஒரு பாட்டின் பல்லவியில் பாடகர் கீழே இறங்கி வந்து, எதிரே நிற்பவர் வாயருகே மைக்கை நீட்டுவார். நீட்டப்பட்டவர் "தாக் மாவ்!" என்று கத்த வேண்டும், மாட்டேன் என்று அர்த்தம். என்னிடம் வந்தபோது பதற்றத்தில் வாயில் வந்தது "முடியாது!" அவர் ஒரு வினாடி நின்றார், சிரித்தார், அடுத்த ஆளிடம் போய்விட்டார். நிகழ்ச்சி முடிந்து கீழே மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது வந்து எதிரில் உட்கார்ந்தார். "பாங், என்ன சொன்னீங்க அது?" என்று மலாயில் கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். பேப்பர் நாப்கினில் எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து அதே பேண்ட், அதே பாட்டு. இந்த முறை மைக்கை யாரிடமும் நீட்டவில்லை. "முடியாத்து!" என்று ஒரு ஒற்று கூடுதலாகப் போட்டு அவரே கத்தினார். முன்வரிசையில் நின்ற மலாய், சீனப் பிள்ளைகள் முப்பது பேரும் திருப்பிக் கத்தினார்கள். முடியாத்து! முடியாத்து!

நள்ளிரவில் பாலம் கடந்து வீட்டுக்கு வந்து, தூங்காமல் காத்திருந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"நீ தினமும் எனக்குச் சொல்றதுதானே" என்று கதவைச் சாத்தினார்.